புத்தகம் வந்தப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு இளம் கவிஞரோட முதல் தொகுப்புக்கு உங்க ஞாயிறு புத்தகப் பக்கத்துல வந்த மதிப்புரையப் படிச்சுட்டு, இந்த வாரம் வாசகர் கடிதத்துல ஒருத்தர் பொங்கியிருந்தார். வளர்ற பிள்ளைய இப்படியா அடிக்கிறது, நல்லதா நாலு சொல்லிட்டு குறைய நாசூக்கா காதுல போடக்கூடாதா, இப்படி எழுதுனா நாளைக்கு எவன் பேனா எடுப்பான்னு கேட்டிருக்கார். சரின்னு அந்த மதிப்புரைய தேடி எடுத்து இன்னொரு தடவ படிச்சேன். அப்படி ஒண்ணும் விஷம் கக்கல சார் அதுல. பாதிக் கவிதைங்க கடைசி ரெண்டு வரில தனக்குத்தானே கோனார் நோட்ஸ் போட்டுக்குது, நிலாவையும் மழையையும் அம்மாவையும் எடுத்துட்டா மிச்சம் கொஞ்சம்தான் நிக்குதுன்னு எழுதியிருக்கார், எந்தெந்தக் கவிதைன்னு தலைப்போட சொல்லியிருக்கார், நிக்கிற கவிதை எதுன்னும் சொல்லியிருக்கார். இத விட நியாயமா எப்படி எழுதறது? எனக்கு ஆதங்கம் வேற. இவ்வளவும் அந்தப் பையனுக்கு புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒருத்தர்கூடவா சொல்லல?

நான் மதுரைல ப்ரூஃப் பாத்துப் பிழைக்கிறவன். சந்தி பாக்குறது, ஒற்று போடுறது, பத்தி ஒட்டிக்கிட்டு இருந்தா பிரிக்கிறது, அதுக்குத்தான் காசு. ஆனா ஒரு புத்தகத்த முதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் எழுத்துக்கு எழுத்து படிக்கிற ஆள் பல சமயத்துல நான் ஒருத்தன்தான். அணிந்துரை எழுதுனவர் படிச்சிருப்பார்னு நீங்க நினைச்சா அது உங்க நல்ல மனசு. நவம்பர் டிசம்பர் வந்தா எங்களுக்கு தூக்கம் கிடையாது, ஜனவரில சென்னை புத்தகக் காட்சி, அதுக்குள்ள கொண்டாந்துடணும்னு ஊர் முழுக்க ஒரே நேரத்துல ஃபைல் அனுப்பும், எழுதுனவர் டைப் பண்ணி வாட்ஸ்அப்ல பதிப்பகத்துக்கு அனுப்புவார், அங்கருந்து அப்படியே பக்கம் கட்டுற டிடிபிக்கு, டிடிபிலருந்து பிடிஎஃப் எனக்கு, கூடவே "அண்ணே நாலு நாள்ல வேணும்"னு ஒரு வாய்ஸ் மெசேஜ், அதே நாலு நாள்ல அதே பிடிஎஃப் அணிந்துரைக்கு இன்னொருத்தர்கிட்ட போயிருக்கும், அட்டைப்படம் அதுக்கும் முன்னாடியே எழுதுனவரோட ஸ்டேட்டஸ்ல ஓடிக்கிட்டிருக்கும். இதுல எந்த சந்துல நுழைஞ்சு ஒருத்தர் "தம்பி, இந்தக் கவிதை வேணாம்ப்பா, எடுத்துரு"ன்னு சொல்றது?

அப்புறம் வெளியீட்டு விழா. பொன்னாடை, வாழ்த்துரை, பேசுற எல்லாரும் புத்தகத்த மேடைலதான் முதல்தடவ புரட்டுவாங்க, புரட்டுன பக்கத்துல எது கண்ணுல பட்டுச்சோ அத வாசிச்சுட்டு ஆகா ஓகோன்னுட்டு சாப்பாட்டுக்குப் போயிடுவாங்க. ஏற்புரைல எழுதுனவருக்கு தொண்டை அடைச்சுக்கும். எல்லாம் முடிஞ்சு, கை காசு போட்டு அடிச்ச முந்நூறு காப்பி கட்டிலுக்கு அடியில கிடக்குறப்ப, ஒரு ஞாயித்துக்கிழமை காலைல உங்க பேப்பர்ல அந்தப் பையன் முதல்தடவையா ஒரு உண்மையப் படிக்கிறான். வலிக்காம என்ன செய்யும்? அந்த மதிப்புரை கடுமைங்கிறத விட லேட்டுங்கிறதுதான் என் கட்சி.

இட்லி தட்டுக்கு வந்தப்புறம் மாவுல உப்பு கம்மின்னு சொன்னா பக்கத்து டேபிள்காரர் வேற ஆர்டர் பண்ணிக்கலாம், மாவு கரைச்சவங்களுக்கு அன்னைக்கு அதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல. மதிப்புரையும் அதே மாதிரி வாசகனுக்கு சொல்ற சேதி. வாங்கலாமா, படிக்கலாமா, எதுக்காகப் படிக்கலாம்னு அவனுக்கு சொல்றது. அதுல போயி எழுதுனவர் மனசு நோகாம எழுதுங்கன்னு கேட்டா, காசு கொடுத்து வாங்கப்போற வாசகனுக்கு யார் சார் பதில் சொல்றது?

இந்தப் பாராட்டு மழை புது வியாதியும் இல்ல. பத்தொன்பதாம் நூத்தாண்டு புத்தகங்களப் பாருங்க, முன்னாடி பக்கம் பக்கமா சிறப்புப்பாயிரம், சாத்துகவின்னு புகழ்ச்சிப் பாட்டா இருக்கும், நூலுக்குள்ள நுழையவே மூச்சு வாங்கும். ஆனா அந்தக் காலத்துல ஒண்ணு வச்சிருந்தாங்க, அரங்கேற்றம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவ்வளவு பெரிய புலவர், அவரே தலபுராணம் பாடுனா சபைல உக்காந்து பாட்டுப் பாட்டா வாசிச்சு பொருள் சொல்லி நாள்கணக்கா அரங்கேத்தணும். கேக்குறவன் கேள்வி கேட்டா பதில் சொல்லணும். தொல்காப்பியத்துக்கே நிலந்தரு திருவிற் பாண்டியன் அவைல அதங்கோட்டாசான் முன்னாடிதான் அரங்கேற்றம்னு பாயிரம் சொல்லுது. நாம அந்த அரங்கேற்றத்த மேடையும் மாலையுமா சுருக்கிட்டு கேள்விய மட்டும் கழட்டிட்டோம்.

குத்தம் சொல்றதுன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் நக்கீரரோட நெற்றிக்கண் கதைக்கு ஓடிடுவாங்க. எனக்கு அதே நக்கீரர் வர்ற இன்னொரு கதைதான் பிடிக்கும், இறையனார் களவியல்ங்கிற பழைய இலக்கண நூலோட உரைல இருக்கு. ஒரே நூலுக்கு சங்கப் புலவங்க ஆளாளுக்கு ஒரு உரை எழுதிட்டு எது மெய்யான உரைன்னு முட்டிக்கிறாங்க. தீர்ப்பு சொல்ல வந்தது யாருன்னா உருத்திரசன்மன்னு அஞ்சு வயசுப் பையன், அதுலயும் வாய் பேச வராதவன். அவன பலகைல உக்காரவச்சு எல்லாரும் அவங்கவங்க உரைய வாசிக்கிறாங்க, பையன் சும்மா உக்காந்திருக்கான். மருதனிளநாகனார் வாசிக்கிறப்ப அங்கங்க கண்ணீர் வருது, உடம்பு சிலிர்க்குது. நக்கீரர் வாசிக்கிறப்ப சொல்லுக்கு சொல் வருது. அவ்வளவுதான் தீர்ப்பு. எனக்குத் தெரிஞ்சு விமர்சனத்துக்கு இத விட நல்ல முறை கிடையாது. ஒரு கருத்தும் சொல்லல அவன், எந்த இடம் தொட்டுச்சு எந்த இடம் தொடலங்கிறத மட்டும் காட்டுனான். எழுதுறவனுக்கு வேண்டியது அதுதான்.

போன தலைமுறை விமர்சகர்கள்ல க.நா.சு.வும் சி.சு.செல்லப்பாவும் இதுல ரெண்டு திசைல நின்னவங்க. க.நா.சு. படிக்க வேண்டியது இதெல்லாம்னு பட்டியல் போடுவார், ஏன்னு கேட்டா என் ரசனைம்பார், அதுக்காக அவர கிண்டல் பண்ணாத ஆள் இல்ல. செல்லப்பா அலசுவார், ஒரு கதைய எடுத்தா ஸ்குரு ஸ்குருவா கழட்டி மேஜைல பரப்பி வச்சிருவார். 1959ல அவர் 'எழுத்து' பத்திரிகை ஆரம்பிச்சதே பெரும்பாலும் விமர்சனத்துக்காகத்தான், வேடிக்கை என்னன்னா கடைசில அது பேர் வாங்குனது புதுக்கவிதைக்கு. ரெண்டு பேர்ல யார் சரின்னு இன்னமும் சண்ட போடுறவங்க இருக்காங்க. என் கணக்கு சிம்பிள், பட்டியல் வாசகனுக்கு, அலசல் எழுதுறவனுக்கு. ஒருத்தர் வேலைய இன்னொருத்தர்கிட்ட கேட்டாதான் மனக்கசப்பு. 1930கள்ல பாரதி மகாகவியா இல்லையான்னு ஒரு பெரிய சண்டை நடந்துச்சே, வ.ரா. மகாகவின்னார், கல்கி தரப்பு ஒத்துக்கல, கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் 'கண்ணன் என் கவி'ன்னு பதில் எழுதுனாங்க. பாரதி செத்தது 1921. அந்தச் சண்டைல ஒரு வார்த்தைகூட பாரதி எழுந்து வந்து திருத்திக்கிறதுக்காகப் பேசுனது இல்ல, மொத்தமும் படிக்கிற நமக்காக. அதனாலதான் அவ்வளவு காரமா இருக்க முடிஞ்சுது, இருந்ததுல தப்பும் இல்ல.

இப்ப எழுதுறவனுக்கு சொல்றத எப்படி சொல்றதுன்னு வருவோம், இதுலதான் பெரிய பெரிய ஆளுங்களே சறுக்குறத நான் பாத்திருக்கேன். ஒருத்தரோட சிறுகதைத் தொகுப்பு வந்துச்சு என்கிட்ட, ஆள் பேங்க் வேலை, பொறுமைசாலி, அபூர்வமா அச்சுக்கு முன்னாடியே மூணு நண்பர்கள்கிட்ட கொடுத்து கருத்து கேட்டு வச்சிருந்தார். முதல் கதைல மூணு பேரும் ஒன்பதாம் பக்கத்துல முட்டிக்கிட்டு நின்னிருக்காங்க. ஒருத்தர் அந்தக் காட்சி நீளம் குறைங்கன்னு எழுதியிருக்கார், ஒருத்தர் வசனம் செயற்கையா இருக்குன்னு, இன்னொருத்தர் அந்த சித்தப்பா கேரக்டரையே தூக்கிடுங்கன்னு. மனுசன் குழம்பிப்போயி யார் சொல்றத கேக்கட்டும்ணேன்னு எனக்கு போன் போட்டார். நான் திரும்ப முதல்லருந்து வரிவரியா வந்தேன். நாலாம் பக்கத்துல செல்வம்னு ஒரு சித்தப்பா அறிமுகமாகுறார், ஆறாம் பக்கத்துல செல்வராஜ்னு ஒரு கடைக்காரர் வர்றார், ஒன்பதுல "செல்வா வந்தான்"னு இருக்கு. எந்த செல்வா? படிக்கிறவன் அங்க ஒரு நொடி நின்னு யோசிக்கிறான், அந்த ஒரு நொடில கதை கைய விட்டுப் போயிடுது, போனது எதனாலன்னு அவனுக்கே தெரியாது, நீளம்பான் வசனம்பான். கடைக்காரருக்கு மாரிமுத்துன்னு பேர மாத்துனார், ஒன்பதாம் பக்கத்துல ஒரு எழுத்துகூட வெட்டல, அதுக்கப்புறம் படிச்சவங்க யாரும் அங்க நிக்கல.

அதனால சொல்றவங்களுக்கு என் விண்ணப்பம், மருந்துச்சீட்டு எழுதாதீங்க, எங்க வலிச்சுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. இந்த வரில போரடிச்சு செல்போன எடுத்துட்டேன், இந்த இடத்துல யார் பேசுறான்னு தெரியல, ரேஷன் கடைல இப்படி நடக்காதே, இந்தப் பத்திய ரெண்டு தடவ படிச்சேன் ஏன்னா பிடிச்சிருந்துச்சு. இது போதும். "நானா இருந்தா எப்படி எழுதியிருப்பேன்னா"ன்னு ஆரம்பிக்கிறவங்க கைலருந்து பிரதிய பிடுங்கிடறது நல்லது, அது அவங்க எழுதாத கதைய உங்க பேப்பர்ல எழுதற ஆசை. "நல்லாருக்கு, தொடர்ந்து எழுதுங்க"ங்கிறவங்க அத விட மோசம், அதுக்கு படிக்கவே வேணாமே.

கேட்டுக்கிறவங்களுக்கு ஒண்ணு. வாய மூடிக்கிட்டு கேளுங்க. நம்மாளுங்களுக்கு இது வரவே வராது. "அந்தக் கடைசி பாரா தேவையா, கதை அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சே"ன்னு பென்சில்ல எழுதி அனுப்புனா உடனே போன் வரும், "அதுதான்ணே மெசேஜே, அத எடுத்துட்டா வாசகனுக்கு எப்படிப் புரியும்"னு அரை மணி நேரம் விளக்குவாங்க. விளக்கம் சூப்பரா இருக்கும். ஆனா புத்தகம் வாங்குன ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போயி இந்த விளக்கத்த சொல்ல முடியுமா? சொல்றதெல்லாம் ஏத்துக்கணும்னும் இல்ல, கேட்டு எழுதி வச்சுட்டு ஒரு வாரம் கழிச்சு எடுத்துப் பாத்து வேண்டாம்னா தூக்கிப் போடுங்க, உங்க கதை, உங்க இஷ்டம். அந்த ஒரு வாரம்தான் முக்கியம், அன்னைக்கே பதில் சொன்னா அது ரோஷம் பேசுற பேச்சு.

பதிப்பகங்களயும் சொல்லணும். க்ரியா பதிப்பகம் நடத்துன ராமகிருஷ்ணன் 2020 நவம்பர்ல போயிட்டார், அவர் பிரதிய மாசக்கணக்கா வச்சுக்கிட்டு வரிக்கு வரி எழுதுனவரோட உக்காந்து எடிட் பண்றவர்னு இந்தத் துறைல எல்லாருக்கும் தெரியும், இரங்கல் கூட்டத்துல எல்லாரும் அதத்தான் புகழ்ந்தாங்க, புகழ்ந்துட்டு வந்து மறுநாள் வழக்கம்போல எடிட்டர் இல்லாமதான் புத்தகம் போட்டாங்க. ப்ரூஃப் பாக்குறதும் எடிட் பண்றதும் ஒண்ணுன்னு நினைக்கிறவங்க இன்னைக்கும் இருக்காங்க. செகண்ட் ப்ரூஃப் முடிஞ்சு லேஅவுட் பூட்டுனப்புறம் "ஏதாச்சும் கருத்து இருந்தா சொல்லுங்கண்ணே"ன்னு என்னக் கேட்டா நான் என்ன சொல்றது, ஒரு கவிதைய எடுத்தா பக்க எண்ணு மாறும், பொருளடக்கம் மாறும், டிடிபிகாரர் என்ன அடிக்க வருவார். எனக்கும் குடும்பம் இருக்கு, "நல்லா வந்திருக்குங்க"ன்னுதான் சொல்லுவேன்.

உங்ககிட்ட கேக்குறது இதுதான். அந்தக் கடிதத்தப் பாத்துட்டு மதிப்புரைக்காரர மாத்திடாதீங்க. கவிதை தலைப்ப சொல்லி குறை எழுதுற ஆள் கிடைக்கிறது கஷ்டம். அதே பக்கத்துல கீழ 'வரப்பெற்றோம்'னு போட்டு அணிந்துரைலருந்து நாலு வரிய அப்படியே எடுத்து விமர்சனம் மாதிரி போடுறீங்களே, அத வேணா நிறுத்துங்க, அதுல யாருக்கும் லாபமில்ல. அந்த இடத்துல, இன்னும் புத்தகமாகாத புது ஆளோட ஒரு கதையோ ரெண்டு கவிதையோ போட்டு, படிச்ச வாசகருங்க எந்த வரில நின்னாங்கன்னு அடுத்த வாரம் போட்டா எப்படி இருக்கும்? திட்டும் வரும், வரட்டும், அப்ப திருத்திக்க நேரம் இருக்கும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். அந்தக் கவிதைத் தொகுப்போட விலையையும் எங்க கிடைக்கும்ங்கிறதையும் மதிப்புரைக்குக் கீழ போட விட்டுட்டீங்க. நிக்கிற கவிதைன்னு அவர் சொன்ன அந்த மூணையும் படிச்சுப் பாக்கணும்னு எனக்கு இருக்கு, என்ன மாதிரி இன்னும் நாலு பேர் இருப்பாங்க. அடுத்த ஞாயிறு மறக்காம போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு ப்ரூஃப் ரீடர்,
மதுரை.