பத்தாயம் காலியாகும் காலம்

கும்பகோணத்துக்கு அருகில்,
மார்கழி 23.

அன்புத் தோழிக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ நலமாக இருக்கிறாயா, முழங்கால் வலி குறைந்திருக்கிறதா என்று அறிய ஆவலாக இருக்கிறேன். உன் கடிதம் சென்ற வாரமே வந்து சேர்ந்துவிட்டது. கூடத்துச் சாமான்கள் முற்றத்திலும், முற்றத்துச் சாமான்கள் திண்ணையிலுமாகக் கிடந்ததால் அமர்ந்து பதில் எழுத ஓர் இடம் வாய்க்கவில்லை. இன்று மதியம்தான் ரேழியில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம் பிறந்திருக்கிறது.

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் வேலையை இந்த வயதில் எங்கிருந்து தொடங்குகிறாய், எப்படி முடிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். மருமகளுக்கும் உனக்கும் அடுக்குமாடி வீட்டில் இதுதான் முதல் பொங்கல் என்பதால், நான் செய்வதில் உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தாய். விடுதி அறையில் நீ பெட்டிகளை நகர்த்தும்போது நான் துடைப்பத்தோடு பின்னால் வருவேனே, அந்த வரிசையில்தான் இன்றும் வேலை செய்கிறேன் என்று வைத்துக்கொள்.

கார்த்திகை தீபம் முடிந்த மறுநாளே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்துவிடுவேன். எதைத் துடைக்க வேண்டும் என்று அதில் எழுதுவதில்லை. எது இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்பதை மட்டுமே எழுதுவேன். அந்தப் பொருள்கள் முதலில் வெளியேறாவிட்டால், ஒரு மூலையின் தூசியை இன்னொரு மூலைக்கு மாற்றுவதாகவே மீதி வேலை முழுவதும் முடிந்துவிடும். ஆனால் கையில் துடைப்பத்தை எடுப்பது மார்கழி பாதி கடந்த பிறகுதான். ஐப்பசியும் கார்த்திகையும் பெய்த வடகிழக்குப் பருவமழையில் எங்கள் பக்கத்துச் சுவர்களெல்லாம் ஈரம் குடித்து நிற்கும், மெத்தையும் தலையணையும் நமுத்த வாடை அடிக்கும், துவைத்த போர்வை இரண்டு நாளானாலும் காயாது. அந்த நேரத்தில் எதைக் கழுவினாலும் பூஞ்சணத்துக்குத்தான் வழி. மழை ஓய்ந்து வெயில் ஏறும் நாளுக்கும், தை பிறந்து சம்பா அறுவடையாகி நெல் வீட்டுக்கு வரும் நாளுக்கும் இடையே கிடைக்கும் சில வாரங்களைத்தான் நம் முன்னோர் இந்த வேலைக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். புது நெல் வந்து இறங்க இடம் வேண்டும் என்பதே இத்தனை பாட்டுக்கும் முதல் காரணமாக இருந்திருக்கும் என்று எனக்கு ஆண்டுதோறும் தோன்றுகிறது.

அதனால்தான் நான் எப்போதும் நெல் கொட்டி வைக்கும் மரப் பத்தாயத்திலிருந்து தொடங்குகிறேன். இப்போதெல்லாம் விளைவதில் பெரும்பகுதி நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. சாப்பாட்டுக்கென்று எடுத்து வைக்கும் சில மூட்டைகள்தான் பத்தாயத்துக்கு மிச்சம். ஆனாலும் அடியில் தங்கிவிடும் நெல்லில்தான் அந்துப்பூச்சி பெருகும். பழைய நெல்லை அப்படியே விட்டு அதன் மேல் புதியதைக் கொட்டினால், ஆடி மாதத்துக்குள் திறக்கும்போதெல்லாம் மூடியிலிருந்து பூச்சி பறந்து வரும். எனவே கடைசி மணிவரை வழித்தெடுத்து வெயிலில் உலர்த்திவிட்டு, பலகைகளைக் கழற்றி, இடுக்குகளைத் தென்னங்குச்சியால் குத்திச் சுத்தம் செய்து, இரண்டு நாள் காற்றாட விட்ட பிறகே அடியில் நொச்சித் தழையும் காய்ந்த வேப்பிலையும் பரப்புகிறோம்.

அந்தப் பத்தாயத்தின் உட்பலகையில் என் மாமனார் கரித்துண்டால் போட்ட கோடுகள் இன்னும் இருக்கின்றன. நான்கு கோடுகள் நின்றிருக்க, ஐந்தாவது அவற்றின் குறுக்கே சாய்ந்திருக்கும். உள்ளே வந்த மூட்டைகளின் கணக்கு அது. ஒரு வரிசை மட்டும் மூன்று கோடுகளோடு நின்றுவிட்டிருக்கிறது. அது எந்த ஆண்டு, ஏன் அப்படி நின்றது என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. உதவிக்கு வரும் பெண் ஈரத்துணியோடு உள்ளே இறங்கியபோது, அந்தப் பலகையை மட்டும் தொடாதே அம்மா என்று சொல்லிவிட்டு, மெல்லிய உலர்ந்த துணியால் நானே ஒற்றித் துடைத்தேன். விரல்நுனியில் சிறிது கரி ஒட்டிக்கொண்டது. இன்னும் எத்தனை மார்கழிக்கு அந்தக் கோடுகள் நிற்கும் என்று நினைத்தபோது மனம் கனத்துவிட்டது.

இந்த ஆண்டு அதிக உழைப்பை வாங்கியது சுவர்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் எல்லோரும் சொல்கிறார்களே என்று கூடத்துச் சுவருக்கு எமல்ஷன் பூசினோம் அல்லவா? முதல் ஆண்டு பளபளவென்று இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் இடுப்பளவு உயரத்துக்குக் கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. கையை வைத்தால் அப்பளம்போல நொறுங்கி விழுந்தது, அடியில் வெள்ளை வெள்ளையாக உவர் பூத்திருந்தது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய பழைய சுவர் மழைக்காலத்தில் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, வெயில் காலத்தில் அதைத் தன் முகம் வழியாகவே வெளியேற்றும். அந்த முகத்தை நாம் ஒரு ஏட்டால் மூடிவிட்டால், ஈரம் உள்ளேயே முட்டி நின்று காரையைத் தின்னத் தொடங்கிவிடுகிறது. பூசியவரைக் குறை சொல்லிப் பயனில்லை; எங்கள் வீட்டுச் சுவர் எப்படிப்பட்டது என்று அவருக்கு முன்பே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். இம்முறை நான்கு நாள் சுரண்டி, பொரிந்த காரையைப் பெயர்த்துச் சுண்ணாம்புக் கலவையாலேயே ஒட்டுப்போட்டு, மீண்டும் வெள்ளையடிக்கிறோம்.

வெள்ளையடிக்க வந்த பெரியவர் கடையில் கிடைக்கும் பொடி வேண்டாம் என்று சொல்லி, கல் சுண்ணாம்பு வாங்கி வரச் செய்தார். கொல்லையில் ஒரு பழைய மண் தாழியில் கற்களைப் போட்டு, கையிலும் காலிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, குழந்தைகளை எட்டிப் போகச் சொல்லிவிட்டு நீரை ஊற்றினார். சில நொடிகள் ஒன்றும் நிகழவில்லை. பிறகு கல் ஒன்று சீறி வெடித்தது; அடுத்தடுத்து எல்லாம் பிளக்க, அடுப்பே இல்லாமல் தாழி முழுவதும் உலைபோலத் தளதளவென்று கொதித்தது. மூன்று நாள் ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, சிறிது அரிசிக் கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்தார். நீரால் நனைத்த சுவரில் அதைப் பூசும்போது ஏமாற்றமாகத்தான் இருக்கும்; வெறும் நீரைத் தடவியதுபோல அடிச்சுவர் அப்படியே தெரியும். மாலைக்குள் அது உலர உலர, உள்ளிருந்து எழுவதுபோல வெண்மை மேலே வரும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மீண்டும் கல்லாக இறுகுகிறது என்று பள்ளியில் நாம் படித்தோம். அந்தப் பாடத்தை ஒரு சுவர் முழுக்க நிகழக் கண்டபோது, இதை எப்படி இத்தனை காலம் கவனிக்காமல் இருந்தேன் என்று நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலிருந்து கீழே வர வேண்டும்: பரணும் ஒட்டடையும் முதலில், மின்விசிறி அடுத்து, தரை கடைசியில். ஓர் அறையை முழுவதும் முடித்து, சாமான்களைத் திரும்ப வைத்த பிறகே அடுத்த அறையில் கை வைக்க வேண்டும். இலவம்பஞ்சுத் தலையணைகள் மூன்று வெயில் காய்ந்தன. பரணிலிருந்து இறங்கிய பித்தளைப் பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினோம். புளி தேய்த்தவற்றை நன்றாகக் கழுவி அப்போதே துடைத்துவிடு. ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் ஒரே இரவில் கறுத்துப்போகும். பொங்கல் வைக்கும் பானையில் உட்புறம் ஈயம் தேய்ந்து பித்தளை தெரிந்ததால், ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன். ஈயம் போன பாத்திரத்தில் புளிப்பான எதையும் வைக்காதே, களிம்பு ஏறிவிடும்.

உன் வீட்டுக்கு மிகவும் வேண்டியது ஒன்று உண்டு. இதை மருமகளுக்கும் படித்துக் காட்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் குளியலறையில், நன்றாகப் பளிச்சிடட்டும் என்று பிளீச்சிங் பவுடர் கரைத்த தரையின் மேலேயே கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் ஊற்றிவிட்டார்கள். அதிலிருந்து கிளம்பியது குளோரின் வாயு. வேலை செய்த பெண் கண் எரிந்து மூச்சுத் திணறி வெளியே ஓடி வந்தாள். அரை மணி நேரம் இருமல் நிற்கவில்லை. அடுக்குமாடி வீட்டுக் குளியலறை சிறியது, காற்றுக்கும் ஒரே ஒரு சிறு சன்னல்தான். இரண்டையும் ஒரே நாளில் பயன்படுத்தவே வேண்டாம். பழைய டியூப் லைட்டுகளையும் உடைத்துப் போடாதீர்கள், அவற்றுக்குள் பாதரசம் இருக்கிறது.

புத்தக அலமாரியை என் கணவர் பார்த்துக்கொண்டார். ராமபாணப் பூச்சி இரண்டு அகராதிகளின் முதுகைத் தின்றிருந்தது. அவற்றைக் கடும் வெயிலில் வைக்காமல் நிழலில் விரித்து, மென்மையான தூரிகையால் தாள் தாளாகத் தட்டினார்.

போகியன்று எங்கள் தெருவில் தீ மூட்டுவதைப் பற்றி உனக்கு நிச்சயம் எழுத வேண்டும். நாம் சிறுவர்களாக இருந்தபோது எரித்தவை கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த முறம், கூடை ஆகியவைதான். மண்ணில் முளைத்தவை சாம்பலாகி மண்ணுக்கே போயின. இன்று அதே தீயில் டயரும் பிளாஸ்டிக் நாற்காலியும் ரெக்சின் பையும் விழுகின்றன. 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே தரையிறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. என் மகள் அன்று அங்கே கைக்குழந்தையோடு சன்னல்களை அடைத்துக்கொண்டு இருந்தாள். அன்று முதல் எங்கள் வாசலில் ஒரு பிய்ந்த பாய்க்கும் சில ஓலைகளுக்கும் மேல் எரிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். உடுத்தக்கூடிய துணிகளைத் துவைத்து மடித்துக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. மற்றவற்றைப் பழைய சாமான் எடுப்பவர் எடுத்துச் சென்றார். பேரன் போகிக் கொட்டு அடிப்பதற்குச் சின்ன தீயே போதும் என்கிறான்.

உங்கள் கொங்குப் பக்கத்தில் அன்று வேப்பிலையும் ஆவாரம்பூவும் சிறுபீளைப் பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவீர்களே, அடுக்குமாடியில் அதை எங்கே கட்டப் போகிறீர்கள்? வாசல் நிலையிலா, பால்கனிக் கம்பியிலா? மறக்காமல் எழுது. தை பிறந்து நெல்லை அரைத்ததும் உனக்குப் பத்துக் கிலோ புது அரிசி அனுப்பி வைக்கிறேன். புது அரிசி குழையும், தண்ணீரைக் குறைத்து வை.

நாளைக் காலை ஏழு மணிக்கு இரண்டாவது பூச்சுக்குப் பெரியவர் வந்துவிடுவார். அதற்குள் கூடத்து அலமாரியை நகர்த்தியாக வேண்டும். என் கணவர் இப்போதே இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

என்றும் அன்புடன்,
உன் அறைத் தோழி