ஏரிப் பறவைச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், படிப்பார்களா தெரியாது.

செயற்குழு 4 முறை கூடியது. கரையில் பனைவிதை ஊன்றினோம். பள்ளியில் ஓவியப் போட்டி நடந்தது.

அப்புறம், பழைய வேட்டைக்காரர்களிடம் பேசிக் குறிப்பெடுக்கும் என் பணி. “சுட்டுத் தின்றவர்களிடம் என்ன கேட்பது?” என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் சிரித்தீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு முன் இந்த ஏரியில் துப்பாக்கியோடும் கண்ணியோடும் இறங்கியவர்கள் ஊரில் இன்னும் 3 பேர் இருக்கிறார்கள். இருட்டில் சிறகோசையை வைத்தே வருவது எந்த வாத்து, கிளுவையா, ஊசிவாலா என்று சொன்னவர்கள்.

மூவரும் தனித்தனியே சொன்னது ஒன்றுதான்: ஏரி முழுக்க ஆழமாக இருந்தால் வாத்து தங்காது. ஊசிவால், நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் முங்கி இரை தேடுபவை அல்ல. தலையை உள்ளே விட்டு வாலைத் தூக்கி மேய்பவை. முழங்கால் தண்ணீர்தான் அவற்றுக்குத் தோது. மேற்கு ஓரம் அப்படித்தான் கோரையும் கொட்டியுமாகக் கிடந்தது. தூர்வாரியபோது அந்தச் சரிவையும் செங்குத்தாக வெட்டிவிட்டார்கள். மிச்சத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டது. இப்போது நிறைந்த ஏரியில் முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகம் வருகிறது. நீலச்சிறகி மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. 2015 வெள்ளத்தில் கடலாகக் கிடந்தபோதும் வாத்து இல்லை, 2016இல் மழை பொய்த்துப் பொட்டலானபோதும் இல்லை என்று என் பழைய நோட்டும் சொல்கிறது.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. காலை 6 மணிக்கு வருவதாகக் கைதூக்கியவர்கள் 22 பேர். வந்தவர்கள் 4; அதிலும் ஒருவர் என் மைத்துனர், உறுப்பினரே அல்லர். பன் 25 வாங்கியிருந்தேன்.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாகச் சொல்வார். செலவு சற்றுக் கூடுதல், கையிருப்பு சற்றுக் குறைவு. ஆண்டுச் சந்தா 200 ரூபாயில் பாதிப் பேருக்கு மேல் பாக்கி. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் சட்டைப்பையில் இருக்கிறது.

இடம் தந்த பள்ளிக்கும், மைக் செட் தந்தவருக்கும் நன்றி.

அடுத்த தூர்வாரலுக்கு முன் மேற்கு ஓரத்தைச் சரிவாகவே விடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். இளைஞர் யாராவது பொறுப்பேற்றால் சந்தோஷமாக விலகிக்கொள்வேன். ஆழம் அளந்து வரைபடம் போட, படகு வாடகையோடு 3,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அது 15 பேர் சந்தா. பழைய சரிவு இருந்த இடத்தைக் காட்ட, மூவரில் மூத்தவர் தடியோடு படகில் ஏறத் தயாராக இருக்கிறார்.

– செயலர்