கிப்லியா, டேடோனாவா?

அன்புள்ள சுந்தர்,

கடிதம் கிடைத்தது. மகள் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள் என்பதில் மிகவும் சந்தோஷம். இத்தாலியின் மோதேனாவில் இரண்டு பழைய கார்களை, ஒரு மசராட்டி கிப்லியையும் ஒரு பெராரி டேடோனாவையும், பார்த்து வைத்திருக்கிறாயாமே. என்னைக் கேட்டால் கிப்லியை வாங்கு. ஆனால் அடித்தகடு துருப்பிடிக்காமல் இருந்தால் மட்டும்.

ஓட்டத்தில் டேடோனாதான் ஒரு படி மேல். 4.4 லிட்டர் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சின், 352 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் எடை முன்னும் பின்னும் சரியாகப் பிரிந்து நிற்கும். கிப்லியின் பின்பக்கம் ஒற்றை அச்சும் லீஃப் ஸ்பிரிங்கும்தான். மேடுபள்ளத்தில் குதிக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் அதன் 4.7 லிட்டர் வி8 சிரமமே இல்லாமல் இழுக்கும். பக்கத்துக்கு 50 லிட்டராக இரண்டு பெட்ரோல் டேங்க் வேறு. வடிவமைப்பாளர் ஜுஜாரோ, கியா (Ghia) என்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்தபோது வரைந்த வண்டி. 1966இல் டூரின் கார் கண்காட்சியில் காட்டினார்கள். அந்த நீண்ட தாழ்ந்த மூக்குக்கு ஈடாக இன்றுவரை எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. விலையோ டேடோனாவில் பாதிகூட வராது.

மிச்சமாகும் அந்தப் பணத்தை டிங்கரிங் வேலை விழுங்கிவிடக்கூடும். ஆகவே வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல். துணி சுற்றிய சின்னக் காந்தத்தைக் கதவுக்குக் கீழுள்ள தகடு, சக்கர வளைவுகள், முன் கண்ணாடியின் அடி விளிம்பு எல்லாவற்றிலும் வைத்துப் பார். பிடி தளர்ந்தால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள். டேடோனாவின் பானெட்டும் டிக்கி மூடியும் அலுமினியம், அங்கே காந்தம் ஒட்டாதது குறையல்ல. கிப்லியில் இரண்டு டேங்கையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, ஃபில்டரைக் கழற்றச் சொல். பழுப்புத் தூள் இருந்தால் டேங்கின் உட்பக்கம் துருப்பிடித்திருக்கிறது. அந்தத் தூள் கார்புரேட்டரின் ஐடில் ஜெட் என்ற சின்னத் துளையை அடைக்கும், வண்டி நின்ற இடத்தில் இருமும்.

நீ போகும் முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாமென்று விற்பவரிடம் சொல்லிவிடு, குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்று நீயே பார்க்க வேண்டும். ஆனால் ஆயில் பார்ப்பது வேறு: இரண்டுமே டிரை சம்ப், அதாவது ஆயில் எஞ்சினின் அடியில் இல்லாமல் தனி டேங்கில் இருக்கும். ஆயில் அளவை எஞ்சின் சூடாகி ஓடும்போதே பார்க்க வேண்டும். நிறுத்தி வெகுநேரம் ஆனால் டேங்கிலிருந்து ஆயில் கீழே வடிந்து அளவு குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் மிஞ்சிவிடும். ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் வால்வைத் தாங்கும் குழாயான வால்வ் கைடு தேய்ந்திருக்கிறது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் சோதனையில் சிலிண்டருக்குப் பத்து சதவீதத்துக்குள் கசிந்தால் நல்லது, இருபதைத் தாண்டினால் எஞ்சினைப் பிரிக்கும் செலவையும் விலைபேசும்போது கணக்கில் சேர். அங்கேதான் வி12 கையைக் கடிக்கும்: பன்னிரண்டு பிஸ்டன், 24 வால்வு, ஆறு வெபர் கார்புரேட்டர். கிப்லியில் வெபர் நான்குதான்.

டேடோனாவைக் குளிர்ந்த நிலையில் ஓட்டி இரண்டாம் கியர் விழவில்லை என்று பயந்துவிடாதே, அதன் சுபாவம் அது. கியர் ஆயில் சூடேறிய பிறகும் உரசினால்தான், கியர்களை உரசாமல் சேர்க்கும் சிங்க்ரோ போயிருக்கிறது.

திறந்த கூரை டேடோனா என்று யாராவது ஆசைகாட்டினால் சேஸிஸ் எண்ணைச் சரிபார்க்காமல் பேச்சே வேண்டாம். தொழிற்சாலை செய்தது 120 சொச்சம்தான். பின்னால் கூரையை வெட்டி மாற்றிய கூப்பேக்கள் (மூடிய கூரை வண்டிகள்) நிறைய. கிப்லியில் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன் அடித்தகட்டின் படங்களை எனக்கு அனுப்பு, நானும் பார்க்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு