சர்வதேசச் சட்டப் படிப்பு வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2025-ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இவ்வாண்டுக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தன. நெதர்லாந்தின் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றங்களில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள், நிறைவேற்றுவது யார்?

தொலைக்காட்சிச் செய்திகள் அங்குள்ள இரண்டு நீதிமன்றங்களை இன்னும் போட்டுக் குழப்புகின்றன. சர்வதேச நீதிமன்றம் ஐ.நா.வின் அங்கம், 15 நீதிபதிகள், நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான வழக்குகள் மட்டும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ரோம் சாசனம் என்ற உடன்படிக்கையின் கீழ் 2002 முதல் இயங்குவது, தனிமனிதர்களை விசாரிப்பது. இந்தியா ரோம் சாசனத்தில் சேரவில்லை.

காசாவில் இனப்படுகொலை நடப்பதாகத் தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்தில் இஸ்ரேல் மீது தொடுத்த வழக்கில் 2024 ஜனவரி 26-ல் வந்த இடைக்கால உத்தரவை வரிவரியாகப் படித்தோம். இத்தகைய உத்தரவை முதலில் கடைசிப் பத்தியில் திறக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் தனி வாக்கு அங்கேதான் இருக்கும். சிலவற்றுக்கு 15-2, சிலவற்றுக்கு 16-1. நீதிபதிகள் 15 பேர்தானே, 17 வாக்கு எப்படி என்று கேட்டார்கள். தன் நாட்டவர் அமர்வில் இல்லாத தரப்பு அந்த வழக்குக்கென ஒரு நீதிபதியை நியமிக்கலாம். இங்கே இரு தரப்பும் நியமித்தன. "இனப்படுகொலை நடந்ததாகத் தீர்ப்பு" என்று வந்த செய்தி தவறு. கோரப்படும் உரிமைக்கு முகாந்திரம் உண்டா, ஈடுசெய்ய முடியாத பாதிப்பு நேருமா என்பதையே இந்தக் கட்டத்தில் பார்க்கிறார்கள். பிரதான வழக்குக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும்: ரோஹிங்யா மக்கள் இனப்படுகொலை தொடர்பாகக் காம்பியா மியான்மர் மீது 2019 நவம்பரில் போட்ட வழக்கின் இறுதி வாதமே 2026 ஜனவரியில்தான்.

இடைக்கால உத்தரவு கட்டுப்படுத்தும் என்பது சர்வதேச நீதிமன்றத்தின் 2001 லாகிராண்ட் (ஜெர்மனி - அமெரிக்கா வழக்கு) தீர்ப்பிலேயே முடிந்துபோன விஷயம். நிறைவேற்றம்தான் சிக்கல். ஐ.நா. சாசனத்தின் 94-வது பிரிவு, தீர்ப்பை மதிக்காத நாட்டின் மீது பாதுகாப்பு கவுன்சிலிடம் போகலாம் என்கிறது. நிகரகுவா 1986-ல் அமெரிக்காவுக்கு எதிரான தீர்ப்போடு போனது. அமெரிக்கா வீட்டோ போட்டது. தவிர, அந்தப் பிரிவு "தீர்ப்பு" என்றுதான் சொல்கிறது; இடைக்கால உத்தரவும் அதில் அடங்குமா என்ற வாதம் தீரவில்லை.

குற்றவியல் நீதிமன்றத்துக்குக் காவல் படையே கிடையாது. உறுப்பு நாடுகள் பிடித்துக் கொடுத்தால்தான் உண்டு. புதின் மீது 2023 மார்ச்சில் பிடியாணை. 2024 செப்டம்பரில் உறுப்பு நாடான மங்கோலியாவுக்கே போய் மரியாதை பெற்றுத் திரும்பினார். மங்கோலியா கடமை தவறியதாக நீதிபதிகள் அக்டோபரில் முடிவு செய்து, உறுப்பு நாடுகளின் பேரவைக்கு அனுப்பினார்கள். அபராதம் போட வழியில்லை. அதேபோல் பிடியாணை உள்ள இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு 2025 ஏப்ரலில் ஹங்கேரி போனபோதும் கைது இல்லை. ஹங்கேரி ரோம் சாசனத்திலிருந்து விலகுவதாகவே அறிவித்தது. அந்தச் சாசனத்தின் 127-வது பிரிவுப்படி, நோட்டீஸ் கொடுத்து ஓராண்டு ஆன பிறகே விலகல் செல்லும். அதுவரை கைது செய்யும் கடமை உண்டு. மாறாக, 2019-ல் விலகிவிட்ட பிலிப்பைன்ஸ் 2025 மார்ச் 11-ல் தன் முன்னாள் அதிபர் துதெர்தேவை மணிலா விமான நிலையத்தில் பிடித்து அன்றிரவே அனுப்பிவைத்தது. உறுப்பு நாடாக இருந்த காலத்துக் குற்றங்களுக்கு அதிகார வரம்பு போகவில்லை என்பது சட்டக் காரணம். அப்போதைய அதிபர் மார்கோஸ், துதெர்தே ஆகியோர் குடும்பங்களின் பகை இல்லாமல் அந்த விமானம் கிளம்பியிருக்குமா என்பது செயலாளரின் சந்தேகம்.

குற்றவியல் நீதிமன்றத்தின் மீதான அமெரிக்கத் தடைகளைப் பற்றித் தனிக் கூட்டம் நடந்தது. அதிபர் டிரம்பின் 2025 பிப்ரவரி 6 ஆணைக்குப் பின் முதலில் தலைமை வழக்குத்தொடுநர், பிறகு நீதிபதிகள் எனப் பட்டியல் நீண்டது. பட்டியலில் பெயர் ஏறினால் அமெரிக்க நிறுவனங்கள் எதுவும் சேவை தரக் கூடாது. கடன் அட்டை, இணையக் கணக்கு எல்லாம் நின்றுபோகும். ஐரோப்பிய வங்கிகளும் டாலர் தொடர்பு போய்விடும் என்று அஞ்சி ஒதுங்குகின்றன. வீட்டோவைவிட இது மோசமான ஆயுதம் என்பதே கூட்டத்தில் பலரின் கருத்து.

தி ஹேக்குக்கு வெளியேயும் இதே சிக்கல்தான்: நாடுகளின் வர்த்தகத் தகராறுகளைத் தீர்க்கும் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு 2019 டிசம்பர் முதல் முடங்கிக் கிடக்கிறது. தோற்ற நாடு அங்கே மேல்முறையீடு செய்தால் வழக்கு அந்தரத்தில் நிற்கும். சர்க்கரை மானிய வழக்கில் இந்தியாவும் இதைச் செய்தது.

ஜனவரியில் மியான்மர் வழக்கு விசாரணையை இணைய நேரலையில் கூடிப் பார்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. காலை 10 மணி அமர்வு நமக்குப் பிற்பகல் 2.30; நீதிமன்ற வேலை நாளில் வர இயலாதவர்கள் முன்கூட்டியே சொல்லவும்.