தொழில்முனைவோரின் முகத்தைக் ‘கலராக்க’ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒளிப்பட நிலையம் நடத்திவருகிறேன். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கங்களிலும் விளம்பரங்களிலும் இடம்பெறும் தொழில்முனைவோரின் முகப்படங்கள் குறித்து ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இதனை எழுதுகிறேன். மசாலாப் பொடி, ஜவுளி, நகைக்கடை, பயிற்சி மையம் என எந்தத் தொழிலாக இருந்தாலும், உரிமையாளர் தம் முகத்தையே தொழிலின் அடையாளமாக முன்னிறுத்தும் வழக்கம் சிறு ஊர்கள்வரை பரவியிருக்கிறது. அது நல்ல வழக்கம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அப்படி அச்சேறும் முகங்களில் பல, உரியவரின் முகமாகவே இருப்பதில்லை. கறுப்பும் மாநிறமும் வெளுக்கப்பட்டு, சுருக்கங்கள் துடைக்கப்பட்டு, எல்லோரும் ஒரே வார்ப்பில் செய்த பொம்மைகளைப் போல வந்து நிற்கிறார்கள்.

எனக்கு நன்கு தெரிந்த ஒரு பெண்மணி, மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் பெற்று மஞ்சள்தூளும் சாம்பார்ப் பொடியும் அரைத்து விற்கத் தொடங்கியவர். ஐம்பது வயதைக் கடந்தவர். களத்தில் மஞ்சள் காயவைத்து வெயிலில் கறுத்த முகம், முன்நெற்றியில் நரை, சிரித்தால் கன்னத்தில் ஆழமாக விழும் இரண்டு கோடுகள். பொட்டலத்தில் அச்சிடுவதற்காக அவரை அந்தக் களத்து ஓரத்திலேயே, காலை நேரத்து நிழலில் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுத்தேன். படத்தைப் பார்த்ததும், “எங்கம்மா மாதிரியே இருக்கேனுங்க” என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். உறையை வடிவமைத்தவர்கள் அந்தப் படத்தை அப்படியே விடவில்லை. முகத்தை நன்றாக வெளுத்து, நரையைக் கறுப்பாக்கி, கன்னத்துக் கோடுகளை நீக்கி அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னர் ஒரு விற்பனைக் கண்காட்சியில் தம் கடையில் அமர்ந்திருந்த அவரிடமே, பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தவர்கள், “படத்துல இருக்கிற அம்மா வரலீங்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். கண்காட்சி நடந்த மூன்று நாளும் இதே கேள்வி. முதல் நாள் “நான்தானுங்க அது” என்று சொல்லிப் பார்த்தவர், நம்பாமல் சிரித்தவர்களைக் கண்டபின், “அவங்க வீட்டுல இருக்காங்க” என்று சொல்லத் தொடங்கிவிட்டாராம். இதை அவர் என்னிடம் சொன்னபோது, அந்தப் படத்தை எடுத்தவன் என்ற முறையில் எனக்கு ஏற்பட்ட வேதனை சொல்லில் அடங்காது.

அந்தப் பொட்டலத்தின் முன்பக்கத்தில், “செயற்கை நிறம் சேர்க்கப்படாதது” என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கிறது. மஞ்சள்தூளில் நிறம் கூட்டுவதற்காக ஈயக் குரோமேட் என்ற நச்சு நிறமி கலக்கப்படுவது பற்றி மக்கள் அஞ்சுகின்ற காலம் இது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, அந்தப் பெயருக்குப் பழுது வராமல் காக்க வேண்டிய பொறுப்பும் எங்கள் பகுதியினருக்குக் கூடியிருக்கிறது. பொருளில் நிறம் கலக்கவில்லை என்று உறுதிமொழி தரும் அதே உறையில், அந்த உறுதிமொழியைத் தருகிற முகத்துக்கு நிறம் கலப்பது எவ்வகையில் சரியாகும்? தவறு தெரிந்தபின் உடனே மாற்றவும் வழியில்லை. இத்தகைய பிளாஸ்டிக் உறைகளை அச்சிடும் கிரேவியர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி உருளை செதுக்க வேண்டும், செலவு அதிகம். எனவே அச்சிட்ட உறைகள் தீரும்வரை அவர் தம் முகமல்லாத ஒரு முகத்தோடு வியாபாரம் செய்தாக வேண்டியிருந்தது.

வணிகத்தில் முகத்துக்கு உள்ள மதிப்பு புதியதன்று. பாரிஸ் நகரில் டிஸ்டெரி என்ற ஒளிப்படக்காரர் 1854ஆம் ஆண்டில் முகவரிச் சீட்டு அளவிலான சிறிய முகப்படங்களுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே தகட்டில் பல படங்கள் எடுக்க முடிந்ததால் விலை குறைந்து, சாமானியரும் தம் படத்தைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினர். இன்று வாட்ஸ்ஆப் வணிகக் கணக்கில் வட்டத்துக்குள் தெரியும் படம் அந்தச் சீட்டின் வேலையைத்தான் செய்கிறது. நம் நாட்டிலேயே எம்.டி.எச். மசாலாப் பொட்டலத்தில் தலைப்பாகையும் வெள்ளை மீசையுமாகத் தோன்றிய தரம்பால் குலாட்டியையும், வசந்த் அண்டு கோ விளம்பரங்களில் முகம் மலரச் சிரித்த எச். வசந்தகுமாரையும் அறியாதவர் குறைவு. இருவரும் 2020ஆம் ஆண்டில் மறைந்தார்கள்; அவர்களுடைய முகத்தை இன்றும் மக்கள் அடையாளம் சொல்கிறார்கள். முதுமையை மறைக்காத முகம் குலாட்டியுடையது. நடிகரின் முகமாக இல்லாமல் கடைக்காரரின் முகமாகவே இருந்தது வசந்தகுமாருடையது. நம் வியாபாரிகள் ‘முகராசி’ என்று சொல்வார்கள். அந்த ராசி நிறத்தில் இல்லை. நேற்றுப் பார்த்த ஆளை இன்றும் அதே ஆளாகப் பார்க்கிற நம்பிக்கையில்தான் இருக்கிறது.

இந்தத் தவறில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. “கொஞ்சம் கலராக்கிக் குடுங்க” என்ற வேண்டுகோளைக் கேட்காத ஒளிப்பட நிலையம் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. கறுப்பு வெள்ளைக் காலத்தில் நெகட்டிவின் மீது கூரிய பென்சிலால் ‘டச்சிங்’ செய்வோம். பென்சில் பட்ட இடம் ஒளியைத் தடுப்பதால் பிரதியில் அந்த இடம் வெளுத்து வரும். கண்ணுக்குக் கீழுள்ள கருவளையம், அம்மைத் தழும்பு ஆகியவற்றை மென்மையாக்க அது உதவியது. அதைக் கற்க ஆண்டுக்கணக்கில் ஆனது; எங்கே நிறுத்த வேண்டும் என்பதே அதில் முதல் பாடமாக இருந்தது. இன்று கைப்பேசியின் கேமரா, கேட்காமலேயே தோலை மழுப்பி வெளுத்துக் கொடுக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ நான்கு தற்படங்களைப் பெற்றுக்கொண்டு, கோட்டு அணிந்த ஒரு அந்நியரைத் திருப்பித் தருகின்றன.

கறுத்த முகத்தைப் படத்தில் சரியாகக் கொண்டுவருவது கடினம் என்று சொல்பவர்களுக்கு ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். வண்ணப் படச்சுருள் காலத்தில், கலர் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படமே நெடுங்காலம் இருந்தது; ‘ஷர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. பழுப்பு நிறத்தின் வேறுபாடுகள் படத்தில் சரியாகப் பதிவதில்லை என்று சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் முறையிட்ட பிறகே அந்தக் குறை களையப்பட்டது என்பது ஒளிப்பட வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. மனிதர்களுடைய முகங்களுக்காக அந்த அக்கறை எழவில்லை என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. குறை கருவியில் இருந்ததே தவிர, நம் தோலில் இருந்ததில்லை.

இன்றைய கேமராவிலும் ஒளி அளவியை அப்படியே நம்பிவிட முடியாது. அது தனக்கு முன்னால் இருப்பதையெல்லாம் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்கிடும். நம்மூர்த் தொழிலதிபர் பெரும்பாலும் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் அணிந்து வருகிறார்; பின்னால் திரையும் வெள்ளையாக இருந்துவிட்டால், அளவி அந்த வெண்மையைக் கண்டு ஒளியைக் குறைத்துவிட, முகம் இருண்டுபோகிறது. முகத்துக்கு ஏற்ப ஒளியைக் கூட்டினால் சட்டையில் மடிப்பும் தையலும் தெரியாமல் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. இந்த இக்கட்டிலிருந்து குறுக்கு வழியில் தப்பவே பலர் இருண்ட முகத்தைக் கணினியில் வெளுக்கிறார்கள். உண்மையான தீர்வு படம் எடுக்கும்போதே இருக்கிறது. ஒளியை மென்மையாக்க வெள்ளைத் துணி போர்த்திய பெட்டி விளக்கான சாஃப்ட்பாக்ஸைப் பெரியதாக எடுத்து, பக்கவாட்டில் சற்று உயரமாக வைத்து, அதன் நடு ஒளி முகத்திலும் ஓர ஒளி மட்டும் சட்டையிலும் விழுமாறு திருப்ப வேண்டும். சட்டைக்கும் விளக்குக்கும் இடையே ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்தால் சட்டையின் வெண்மை அடங்கும். மறுபுறம் ஒரு தெர்மாகோல் பலகை வைத்தால் நிழல் பக்கக் கன்னத்துக்கும் கண்ணுக்கும் ஒளி கிடைக்கும். கறுத்த தோலுக்கு ஒரு தனி அழகு உண்டு: கன்ன எலும்பிலும் மூக்கின் மேலும் நெற்றியிலும் அது ஒளியை ஏந்தி முகத்தின் வடிவத்தைச் செதுக்கிக் காட்டும். விளக்கு சிறியதாக இருந்தால் அது எண்ணெய்ப் பளபளப்பாகத் தெரியும். விளக்கு பெரியதாக இருந்தால் மெல்லிய மினுமினுப்பாக மாறும். பின்திரையை வெள்ளையிலிருந்து சாம்பல், காவி அல்லது கரும்பச்சைக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. லென்ஸின் குவியத் தூரம் 85 மில்லிமீட்டராக இருந்து, எடுப்பவர் ஐந்தாறு அடி தள்ளி நின்றால் மூக்கு பெருத்துத் தெரியாது. கைப்பேசியை முகத்தருகே நீட்டி எடுக்கும்போதுதான் மூக்கு அப்படிப் பெருத்துவிடுகிறது. நெற்றியில் திருநீறு இட்டு வந்தவரின் திருநீற்றை அழிக்காமல், அதன் வெண்மையும் முகத்தின் கருமையும் ஒருங்கே தெரிய எடுக்க முடிந்தவரே இத்தொழிலைக் கற்றவர் என்று என் குருநாதர் சொல்வார்.

இதில் நாளிதழின் பங்கும் இருக்கிறது. செய்தித்தாள் மையை உறிஞ்சிப் பரப்பும் தன்மையுடையது. கணினியில் 50 விழுக்காடாக வைத்த மைப்புள்ளி, தாளில் ஏறத்தாழ 75 விழுக்காடு அளவுக்குப் பரந்து விழுகிறது. இதனால் நடுத்தர நிறங்கள் கருமையாகும். கறுத்த முகமாக இருந்தால் கண்ணும் மீசையும் கலந்து ஒரே கருந்திட்டாகிவிடும். எனவே அச்சுக்கு முன் படத்தின் நடுநிறங்களைச் சிறிது வெளிச்சமாக்கிக் கொடுப்பது தேவையான வேலைதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மைப் பரவலை ஈடுசெய்வது வேறு, தோலின் நிறத்தை மாற்றுவது வேறு. முன்னதில் முகத்தின் மேடு பள்ளங்களும் நிழலும் அப்படியே இருக்க, நடுநிறங்கள் மட்டும் இளகும். பின்னதில் ஆளே மாறிவிடுகிறார். விளம்பரப் பிரிவில் அவசரமாக வேலை செய்யும்போது இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடுகிறது என்று அஞ்சுகிறேன்.

சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு, தம் மதிப்புக்கு ஊறு நேரும்படி படைப்பு சிதைக்கப்பட்டால் அதை எதிர்க்கும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. ஆகவே வடிவமைப்பாளர் யாராயினும், முகத்தில் கை வைக்கும் முன் இருவரிடமும் ஒரு வார்த்தை கேட்பதே முறை.

என் வேண்டுகோள் இரண்டுதான். தங்கள் விளம்பரப் பிரிவினர், உரியவரின் ஒப்புதல் இல்லாமல் முகத்தின் நிறத்தை மாற்றுவதில்லை என்ற விதியை வகுத்துக்கொள்ள வேண்டும். வணிகப் பக்கத்துக் கட்டுரைகளுக்கும் அவ்விதி பொருந்த வேண்டும். அடுத்து, மாவட்டத் தொழில் மையங்களும் மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி தருவோரும், உறை, உரிமம், விலை நிர்ணயம் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கும் அதே வகுப்பில், முகப்படத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பதைத் தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும். அழைத்தால் கட்டணமின்றி வந்து கற்றுத்தர நானும், எங்கள் ஊரில் என்னைப் போன்ற சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

அந்தப் பெண்மணியின் பழைய உறைகள் இப்போது தீர்ந்துவிட்டன. புதிய உருளைகள் செதுக்கக் கொடுத்திருக்கிறார். களத்து ஓரத்தில் எடுத்த அதே படத்தை மீண்டும் அனுப்பி, “நிறத்தில் கை வைக்க வேண்டாம்” என்று அவரே தம் கையெழுத்தில் ஒரு தாள் எழுதி இணைத்திருக்கிறார். அதன் கீழ் நானும் கையொப்பமிட்டேன்.

இப்படிக்கு,
ஓர் ஒளிப்படக் கலைஞர்,
ஈரோடு.