வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வாசக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். ஆண்டு முழுவதும் நம்மை அலையவிட்ட ஒரு கேள்விக்கே இவ்வறிக்கையில் கூடுதல் இடம் தருகிறேன்: ஒரு நாட்டின் இலக்கியம் நூலகத்தில் எங்கே இருக்கிறது?

நாடு நாடாக எடுத்துப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். கென்யாவின் கூகி வா தியாங்கோவைத் தேடி, ஆப்பிரிக்க மொழி இலக்கியங்களுக்கான 896ஆம் எண் அடுக்குக்குப் போனோம். அவருடைய தொடக்ககால நாவல்கள் அங்கே இல்லை. ஆங்கிலத்தில் எழுதியவை என்பதால் 823இல், ஆங்கிலப் புனைகதைகளோடு இருந்தன. பின்னாளில் கிக்கூயு மொழியில் அவர் எழுதிய நாவல்களுக்குத்தான் 896.

நூலகங்கள் நூல்களுக்கு இந்த எண்களை இடும் முறையான, 1876இல் வெளிவந்த டியூயி தசமப் பகுப்பு, படைப்பின் மூலமொழியைத்தான் பார்க்கிறது. அமெரிக்க ஆங்கில இலக்கியத்துக்கு மட்டும் 810 என்று தனி இடம். நைஜீரியர், ஆஸ்திரேலியர், இந்தியர் ஆங்கிலத்தில் எழுதும் நாவல்கள் எல்லாம் 823தான். இந்திய இலக்கியமோ இந்தி 891.43, வங்காளம் 891.44, தமிழ் 894.811 என்று பல இடங்களில் கிடக்கிறது. தமிழில் வந்த ருஷ்ய நாவலும் விதிப்படி 891.7க்கே போகும். ஒரு நாட்டின் எழுத்து இப்படிப் பிரிந்து கிடப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் விதி புரிந்த பிறகு நம் தேடலில் பாதி அலைச்சல் குறைந்துவிட்டது.

திறனாய்வு நூல்களுக்குத்தான் அதிகம் தடுமாறினோம். 801இல் கோட்பாடும், 809இல் பல இலக்கியங்களை ஒருசேர ஆராயும் நூல்களும் இருக்கின்றன. உறுப்பினர் பலர் அங்கே மட்டும் பார்த்துவிட்டு, வேண்டியது இல்லையென்று திரும்பினார்கள். ஓர் எழுத்தாளரைப் பற்றிய ஆய்வு அவருடைய படைப்புகளின் பக்கத்திலேயே நிற்கிறது. தொல்ஸ்தோயின் நாவல்களுக்கும் அவற்றைப் பற்றிய நூல்களுக்கும் 891.733தான். ஆங்கில இலக்கிய வரலாறு 820.9இலும், ஆங்கில நாவலின் வரலாறு 823.009இலும் கிடைத்தன. வரலாற்றையும் திறனாய்வையும் குறித்து எண்ணின் முடிவில் வரும் அந்த 09ஐக் கவனிக்கும்படி சொல்லித்தந்த நூலகருக்கு வட்டம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

வரும் ஆண்டில், அடுக்குக்குப் போகுமுன் நூற்பட்டியலில் நாட்டின் பெயரோடு ‘வரலாறும் திறனாய்வும்’ என்ற பொருள் தலைப்பைத் தேடுவதை வழக்கமாக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். அடுத்து படிக்கவிருப்பது பிரேசில். போர்த்துகீசிய இலக்கியத்தோடு 869இல் இருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்