கல் கொடுத்த கண்ணனுக்காக: எழும்பூர் அருங்காட்சியகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

எழும்பூர் அரசு அருங்காட்சியக நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

போன மாதம் குடும்பத்தோடு ஆந்திராவிலுள்ள அமராவதிக்குப் போய் வந்தேன். கிருஷ்ணைக் கரையில், அமரேசுவரர் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பழைய பௌத்தத் தூபி. இன்று அது வட்டமான ஒரு மேடு, சுற்றி நட்ட கற்கள், அவ்வளவுதான். யாத்திரிகர்கள் நடந்த வழியில் நாங்களும் வலம் வந்தோம். "சிலையெல்லாம் எங்கேப்பா?" என்றாள் மகள். "நம்ம எழும்பூர்ல இருக்கும்மா" என்றேன்.

1797இல் காலின் மெக்கன்சி என்ற ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரி அங்கே போனபோதே, புது ஊர் கட்ட ஜமீன்தாரின் ஆட்கள் மேட்டைத் தோண்டிக் கல்லெடுத்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக்காகச் சுட்ட சிற்பங்கள் எத்தனையோ. 1845இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டி எடுத்தவை சென்னைக்கு வந்தன, அவற்றில் பெரும்பகுதி 1859இல் லண்டனுக்குக் கப்பலேறியது. பிறகு கிடைத்தவற்றில் பல உங்களிடம் இருக்கின்றன. மதங்கொண்ட நளகிரி யானை புத்தர் காலடியில் பணியும் வட்டச் சிற்பத்தைச் சின்ன வயதில் அங்கேதான் பார்த்தேன்.

அந்தக் கற்களில் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பிக்குணிகள் என்ற பௌத்தப் பெண்துறவிகள், வணிகர்கள், குடும்பத்தோடு கொடுத்த விதிகன் என்ற தோல் தொழிலாளி. சாதவாகனர் காலக் கலை என்கிறோம், சரி, ஆனால் கல்லுக்குக் காசு கொடுத்தவர்களில் இவர்களும் உண்டு. இன்னொரு கல்வெட்டு எனக்கு மிக நெருக்கமானது: 'தமிள', அதாவது தமிழ, கண்ஹன், அவன் தம்பி சுள கண்ஹன், சகோதரி நாகா மூவரும் மகாசேதியத்தின், அதாவது அந்தப் பெரிய தூபியின், அடியில் நிறுத்தக் கொடுத்த கல். கண்ஹன் என்றால் நம் கண்ணன். சுள என்றால் சின்ன. ஒரு தமிழ்க் குடும்பம் அவ்வளவு தூரம் போய்த் தன் பெயரை அங்கே விட்டுவந்திருக்கிறது!

1344இல் கூட இலங்கையின் கடலாதெணியக் கல்வெட்டு, தர்மகீர்த்தி தேரர் என்ற பௌத்தத் துறவி அமராவதிக்கு வந்து ஒரு கோயிலைப் பழுதுபார்த்ததைச் சொல்கிறது. வலம் வருவதற்கு அத்தனை காலம் ஆட்கள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு கல்லும் தூபியில் வேலியிலா, அடித்தளத்திலா, அண்டம் என்ற குவிமாடத்திலா எங்கே இருந்தது என்று ஒரு படம் வையுங்கள். அப்புறம், கொடுத்தவர் பெயரைத் தமிழில் எழுதுங்கள். கண்ணன் குடும்பத்துக் கல் எங்கே இருந்தாலும் சரி, அந்த வரியைத் தமிழில் படிக்க உங்கள் கூடத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. எழுதிக்கொடுக்க ஆள் தேவையென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்